ஒரு பல்லுக்காக எட்டுப் பல்லை ராவ வேண்டாம், டீச்சர்

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. முலுண்டில் வீடு, தாராவியில் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் டீச்சர். 14 வயதில் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்தது. அப்போதே ரூட் கெனால் செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால், 2010-ல், அதன்மேல் உள்ளே உலோகமும் வெளியே பீங்கானும் உள்ள கேப் போட்டேன். இப்போது ஈறு கொஞ்சம் மேலே ஏறி, கேப்பின் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிகிறது. அதற்கு அடுத்த சின்னப் பல்லிலும் முனை லேசாகச் சிதைந்திருக்கிறது. போன மாதம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், உங்க ஒரு பல்லு மட்டும் ஏன் பொம்மைப் பல்லு மாதிரி இருக்கு?" என்று கேட்டான். அதிலிருந்து புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். ஒரு கிளினிக்கில் காட்டினேன். எட்டுப் பல்லுக்கும் ஜிர்கோனியா என்கிற வெள்ளைப் பீங்கான் கேப் போட்டால்தான் ஒரே மாதிரி இருக்கும், ஐந்து நாளில் முடிந்துவிடும், 15 வருஷ வாரண்டி, ஒரு பல்லுக்கு 15,000 ரூபாய் என்றார்கள். தை மாதம் திருநெல்வேலியில் தம்பிக்குக் கல்யாணம். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. எங்கள் சின்ன மாமியார் போட்டிருக்கிற கேப் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்த கேப் போட்டால் இயற்கையாகத் தெரியும்? படம் அனுப்பியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பல்லுக்கும் சம்மதம் சொல்லாதீர்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் சரி, பேசி நிறுத்துங்கள். படத்தில் பார்க்கிற அளவில் உங்களுக்குக் கேப் தேவைப்படுகிற பல் ஒன்றே ஒன்றுதான். பக்கத்துச் சின்னப் பல்லின் முனையைப் பல் நிறத்தில் வருகிற காம்போசிட் என்ற பிசினை வைத்து ஒரே தடவையில் சரிசெய்யலாம். ஊசிகூட வேண்டியிருக்காது. மீதி ஆறும் நல்ல பற்கள்.

அப்படியானால் ஏன் எட்டு என்கிறார்கள்? எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதை வெளியில் அதிகம் சொல்வதில்லை. எட்டுப் பல்லுக்குக் கேப் போடுவது எங்களுக்குச் சுலபம், ஒற்றை முன்பல்லுக்குப் போடுவதுதான் கஷ்டம். எட்டையும் ராவிவிட்டால் எதோடும் ஒப்பிட வேண்டாம். எட்டும் ஒரே வெள்ளையில் வரும், வேலை முடிந்தது. ஒற்றை நடுப்பல் என்றால் அதை ஒட்டி நிற்கிற உங்கள் சொந்தப் பல்லைப் போலவே அது இருந்தாக வேண்டும். நிறம், பளபளப்பு, நீளம், நுனியின் கண்ணாடித்தன்மை எதில் பிசகினாலும் எதிரே நிற்பவர் கண்டுபிடித்துவிடுவார். மூன்றாம் வகுப்புப் பையனே கண்டுபிடித்தான் பாருங்கள். பல் வைத்தியத்தில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று அந்த ஒற்றை நடுப்பல். அதைச் செய்யத் தயங்குகிறவர் நல்ல பற்களின் மேல் கைவைக்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ராவுவது என்றால் எவ்வளவு என்று உங்களிடம் சொன்னார்களா? கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றி 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை எடுக்க வேண்டும், நுனியில் சுமார் 2 மில்லிமீட்டர். கேட்கச் சின்ன அளவாகத் தெரியும். ஆனால் முன்பல்லே மெல்லிய பல். இவ்வளவு எடுத்தபின் வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது ஒரு சின்ன முளை. எனாமல் திரும்ப வளராது. உயிருள்ள பல்லை இப்படி ராவினால் சில பற்களில் வருஷங்கள் கழித்து உள்ளே நரம்பு செத்து, ரூட் கெனாலில் கொண்டுபோய் நிறுத்தும். கேப்புக்கும் ஆயுள் உண்டு. நன்றாகச் செய்த கேப் 10, 15 வருஷம் உழைக்கும், சிலருக்கு அதற்கு மேலும். உங்களுக்கு வயது 36. எட்டையும் இன்று ராவினால், வாழ்நாளில் இன்னும் இரண்டு மூன்று தடவை அந்த எட்டையும் மாற்ற வேண்டிவரும்.

வாரண்டி அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது கேப் செய்கிற பொருளுக்கு. கேப் உடைந்தால் வேறு செய்து தருவார்கள். நிறம் ஒட்டவில்லை, ஈறு வீங்கிவிட்டது, உள்ளே இருக்கிற பல் சொத்தையாகிவிட்டது என்றால் அந்த அட்டை உதவாது.

சரி, எந்தப் பொருள் என்று கேட்டீர்கள். ஜிர்கோனியா நல்லது, ஈமேக்ஸ் அதைவிட நல்லது என்றெல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள். உங்களுக்கு எது என்பது கேப்புக்குள்ளே ஒளிந்திருக்கிற முளையின் நிறத்தைப் பொறுத்தது. ஈமேக்ஸ் என்பது லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான். வெளிச்சத்தை உள்ளே விட்டு வாங்கும், அதனால் உயிர்ப்பல் மாதிரி தெரியும். ஆனால் உள்ளே விடுகிற அதே குணத்தால், முளை கறுத்திருந்தால் அந்தக் கறுப்பையும் வெளியே காட்டிவிடும். மெல்லிய வேட்டிக்குள் கறுப்புத் துணி கட்டிய கதைதான். ரூட் கெனால் செய்த பல் வருஷம் ஆக ஆகக் கறுப்பது சகஜம். பாதி உடைந்த பல் என்பதால் உள்ளே ஊன்றுகோலாக ஒரு கம்பி, அதுவும் உலோகக் கம்பி, வைத்திருக்கவும் வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் உங்களுக்கு ஒத்துவருவது ஜிர்கோனியாவில் உள்கூடு செய்து, அந்தக் கறுப்பை மறைத்து, முகப்பில் மட்டும் பீங்கானை அடுக்கடுக்காகக் கையால் கட்டுகிற கேப். முளை நல்ல நிறத்தில் இருந்தால் ஈமேக்ஸ் போதும், அழகாக வரும். பழைய கேப்பைக் கழற்றிப் பார்க்காமல் இதை யாரும் முடிவுசெய்ய முடியாது. கழற்றாமலே உங்களிடம் பொருளின் பெயரைச் சொல்லி விலையும் சொன்னார்கள் என்றால், உங்கள் பல்லைப் பார்த்துச் சொன்ன பேச்சில்லை அது.

இன்னொன்று. ஜிர்கோனியா என்பது ஒரே பொருள் கிடையாது. கடைவாய்ப் பல்லுக்கென்று வருகிற பழைய வகை இரும்பு மாதிரி உறுதி, ஆனால் சுண்ணாம்பு மாதிரி வெளிச்சம் புகாதது. அதையே முழுக்கட்டியாகக் கடைந்து முன்பல்லில் மாட்டினால் உங்கள் சின்ன மாமியார் பல் வந்துவிடும். முன்பல்லுக்கென்று கண்ணாடித்தன்மை கூடிய வகைகள் இருக்கின்றன. உறுதி கொஞ்சம் குறைவு, முன்பல்லுக்கு அது தாராளம்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக் காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஜன்னல் பக்கம் நின்று கைக்கண்ணாடியில் உங்கள் சொந்த நடுப்பல்லைப் பாருங்கள். கேப் போடாத பல்லை. ஈறை ஒட்டிய பகுதி லேசான மஞ்சளாக இருக்கும். நடுப்பகுதி வெளுத்து, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீலச் சாம்பல் படர்ந்து, பின்னால் இருக்கிற இருட்டு கொஞ்சம் தெரியும். அந்தச் சாம்பலுக்கும் கீழே, விளிம்பில், நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு சிலருக்கு இருக்கும். மேலிருந்து கீழாக இரண்டு மெல்லிய பள்ளங்கள். குறுக்கே விரல்ரேகை மாதிரி மிக நுணுக்கமான வரிகள், வயதாக ஆக அவை தேய்ந்து வழவழப்பாகும். உங்கள் வயதில் பாதி தேய்ந்து பாதி மிஞ்சியிருக்கும். இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு பல். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், ஒரே பளபளப்பு என்று செய்தால் அது எவ்வளவு விலை உயர்ந்த பொருளாக இருந்தாலும் அந்தப் பையன் சொன்ன பொம்மைப் பல்தான்.

வரிசை அமைப்பிலும் அப்படித்தான். நடுவில் இரண்டு பெரிய பல், அதன் அகலம் நீளத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல். பக்கத்துச் சின்னப் பற்கள் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் ஏறி நிற்கும். கோரைப்பல் எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் மஞ்சள். எட்டுக் கேப்பும் ஒரே நீளம், ஒரே வெள்ளை என்று வரும்போது கண் உறுத்துவது இதனால்தான்.

நிறம் எடுப்பதை நாங்கள் ஷேடு பார்ப்பது என்போம். சின்னச் சின்னப் பல் மாதிரிகள் கோத்த ஒரு பட்டை இருக்கும், அதிகம் புழங்குகிற பட்டையில் 16 நிறங்கள். ஏ1, ஏ2, பி1 என்று பெயர். நம் ஊர் வாய்களில் ஏ2, ஏ3 நிறையப் பார்க்கிறேன். இதில் நான் பட்ட பாடம் ஒன்றைச் சொல்கிறேன். செம்பூரில் கிளினிக் ஆரம்பித்த புதிது. ஒருவர் ஆபீஸ் விட்டு இரவு எட்டு மணிக்கு வந்தார். பல்லை ராவி முடித்து, வாய் ஒரு மணி நேரம் திறந்தபடி காய்ந்து கிடந்தபின், ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஷேடு பார்த்தேன். ஏ1 பொருந்தியது. கேப் வந்தது, மாட்டினேன், அறைக்குள் நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். தாதர் போகிற லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் எடுத்த படத்தைக் காட்டினார். பல் வரிசையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பல் காய்ந்தால் சில நிமிடத்திலேயே உள்ளதைவிட வெளுத்துக் காட்டும். விளக்குக்கு விளக்கு நிறம் மாறும். இரண்டும் எனக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்ததுதான், இருந்தும் கோட்டைவிட்டேன். அவருக்கு வேறு கேப் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து முன்பல்லுக்கு ஷேடு பார்ப்பது பகல் 11 மணிக்கு, ஜன்னலோரம், ஊசி போடுவதற்கும் முன்னால், வந்து உட்கார்ந்த உடனே.

நீங்கள் போகும்போதும் பகல் நேரம் கேளுங்கள். லிப்ஸ்டிக் வேண்டாம், பளிச்சென்ற சிவப்பு மஞ்சள் புடவை வேண்டாம், அந்த நிறம் பல்லில் பிரதிபலிக்கும். மாதிரிப் பல்லை உங்கள் பல்லோடு ஒட்டிவைத்துப் போனில் ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மஞ்சளா சிவப்பா என்பதில் சின்னப் பிசகு இருந்தால் கண் மன்னித்துவிடும். வெளிச்ச அளவு பிசகினால் மன்னிக்காது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது பட்டென்று தெரிந்துவிடும். வெள்ளையாகப் பல் வேண்டும் என்று ஆசை இருந்தால், தப்பில்லை, மற்றப் பற்களை முதலில் ப்ளீச் செய்துகொள்ளுங்கள். செய்து இரண்டு வாரம் போனபின், நிறம் நிலைத்ததும் ஷேடு பார்க்க வேண்டும். கேப் போட்டபின் ப்ளீச் செய்தால் பல் வெளுக்கும், கேப் வெளுக்காது.

கேப்பைச் செய்கிறவர் நான் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். லேபில் இருக்கிற டெக்னீஷியன்தான் செய்கிறார். சயானில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எனக்கு வேலை செய்கிறவர் இருபது வருஷமாகப் பல் கட்டுகிறார். கோலமாவு மாதிரியான பீங்கான் பொடியைத் திரவத்தில் குழைத்து, கோழிக்குஞ்சின் இறகு மாதிரி மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைப்பார். டிஷ்யூ தாளை ஓரத்தில் வைத்து ஈரத்தை உறிஞ்சுவார், மறுபடியும் ஒரு தொடல். எந்த அடுக்கும் சூளைக்குப் போகும் முன் உண்மையான நிறத்தைக் காட்டாது, மனக்கணக்கில்தான் கட்ட வேண்டும். சுடும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும், அதனால் பெரிதாகவே கட்டுவார். சுட்டு, உரசி, மறுபடி வைத்து, மறுபடி சுட்டு, ஒரு முன்பல்லுக்கு மூன்று நான்கு தடவை. "மேடம், பேஷண்டை ஒரு தடவை என் கண்ணில காட்டுங்க, போட்டோ போதாது" என்று கேட்பார். ஒற்றை முன்பல் என்றால் நான் கட்டாயம் அனுப்புகிறேன். ஐந்து நாளில் எட்டுப் பல் என்று சொல்கிற இடத்தில் இப்படி ஒருவர் உட்கார்ந்து கட்ட நேரம் கிடையாது.

ஈறைப் பற்றி. அந்தக் கறுப்புக் கோடு உலோக ஓரம் வெளியே வந்ததாலும் இருக்கலாம், உள்ளே வேரே கறுத்து மெல்லிய ஈறு வழியாகத் தெரிவதாலும் இருக்கலாம். முதலாவது என்றால் கேப்பை மாற்றியதும் போய்விடும். இரண்டாவது என்றால் குறையும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம். இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. படத்தில் அந்தப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து தடித்திருக்கிறது. கேப்பின் ஓரம் ஈறுக்குள் ரொம்ப ஆழமாகப் போயிருந்தாலோ, ஓரம் சரியாகப் பொருந்தாமல் அழுக்கு தங்கினாலோ இப்படி ஆகும். சிவந்த ஈறை வைத்துக்கொண்டு அளவெடுத்தால், ரத்தம் கசிந்து அளவும் தப்பும், வீக்கம் வடிந்ததும் ஓரம் மறுபடி வெளியே தெரியும். ஈறு ஆறும்வரை காத்திருப்பதுதான் வழி. அப்புறம், உங்கள் ஈறு பொதுவாகக் கரும்பழுப்பாக இருக்கிறதே, அது நோய் கிடையாது. நம் தோலுக்கு உரிய நிறம். அதையும் லேசர் வைத்து ரோஜா நிறமாக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் முகத்துக்கு அந்த ஈறு அழகாகவே இருக்கிறது.

இதற்கெல்லாம் விடை டெம்பரரி கேப்பில் இருக்கிறது. பல பேர் அதை ஓட்டையை மூடுகிற மூடி என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முன்பல் வேலையில் பாதி வெற்றி அங்கேதான். பழைய கேப்பைக் கழற்றியதும், ஓரம் சுத்தமாகப் பொருந்துகிற ஒரு பிளாஸ்டிக் கேப் செய்து மாட்ட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு மூன்று நான்கு வாரம் வாழுங்கள். ஈறு அதைச் சுற்றி ஆறி உட்காரும். நீளம் அதிகம் என்று பட்டால் அரை மில்லிமீட்டர் தேய்க்கலாம், குறைவு என்றால் கொஞ்சம் ஒட்டலாம். பிளாஸ்டிக்தானே, பயமில்லை. வீட்டில் காட்டுங்கள், கணவரிடம் கேளுங்கள், சிரித்துப் படம் எடுங்கள்.

வகுப்பில் பாடம் நடத்துங்கள், அதுதான் முக்கியமான சோதனை. வகாரம் பல்லும் இதழும் சேர்ந்து பிறப்பது என்று இலக்கணத்தில் சொல்லிக் கொடுப்பீர்களே, எனக்குக் கிளினிக்கில் அதுவே அளவுகோல். "வா, வாழை, வவ்வால், விளக்கு" என்று சொல்லும்போது மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டின் ஈரமும் உலர்வும் சேருகிற கோட்டை இலேசாகத் தொட வேண்டும். பல் நீளமாக இருந்தால் உதட்டில் இடிக்கும். குட்டையாக இருந்தால் காற்று ஓடும். பிளாட்பாரத்தில் அறிவிப்பார்களே, "ஃபாஸ்ட் லோக்கல்", அதையும் சொல்லிப் பாருங்கள். "ஸ" சொல்லும்போது விசில் வந்தால் பல்லின் பின்பக்கத் தடிமனையோ நீளத்தையோ பார்க்க வேண்டும். நாள் முழுக்கப் பேசுகிற உங்களைவிட இதற்கு நல்ல ஆள் எனக்குக் கிடைக்காது. டெம்பரரி கேப்பில் எல்லாம் சரி என்று உங்களுக்கே பட்டபிறகு, அந்த வடிவத்தை அப்படியே ஸ்கேன் செய்தோ அளவெடுத்தோ லேபுக்கு அனுப்பி, இதையே பீங்கானில் கட்டுங்கள் என்று சொல்ல வேண்டும்.

பீங்கான் கேப் வந்ததும் உடனே ஒட்டிவிட விடாதீர்கள். முதலில் சும்மா மாட்டிப் பார்ப்பது, எழுந்து வெளியே போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது, கூட ஒருவரை அழைத்துவந்து காட்டுவது எல்லாம் உங்கள் உரிமை. ஒட்டுகிற சிமெண்டின் நிறம்கூட மெல்லிய கேப்பின் நிறத்தை மாற்றும். அதைச் சோதிக்க, கழுவினால் போய்விடுகிற பசை தனியாக இருக்கிறது, கேளுங்கள். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் சங்கடப்படுவார் என்று தலையாட்டிவிட்டு வீட்டில் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குத் திருப்பி அனுப்புவது வழக்கமான வேலை, ஒட்டியபின் வெட்டி எடுப்பதுதான் கஷ்டம். கல்யாண வரவேற்பு மேடையில் ஊதா நிற விளக்கு போடுவார்களே, அதில் இயற்கைப் பல் ஒளிரும். சில கேப்கள் ஒளிராமல் அங்கே மட்டும் பல் விழுந்த மாதிரி காட்டும். ஒளிர்கிற பீங்கான் இருக்கிறது, டெக்னீஷியனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

பத்து வாரம் போதும். முதல் வாரம் ஒரு எக்ஸ்ரே, பல் சுத்தம். 22 வருஷப் பழைய ரூட் கெனால் என்பதால் வேர் நுனியில் சீழ் இருக்கிறதா, வேர் விரிசல் விட்டிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டாம் வாரம் பழைய கேப்பைக் கழற்றி டெம்பரரி. ஈறுக்கு வெளியே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவுக்காவது சொந்தப் பல் மிஞ்சியிருந்தால் புது கேப் உறுதியாகப் பிடிக்கும். ப்ளீச் செய்வதென்றால் அதற்கடுத்த இரண்டு வாரம். ஏழாம் வாரம் அளவு, ஒன்பதாம் வாரம் மாட்டிப் பார்த்து ஒட்டுவது, ஒரு வாரம் கைவசம். ரூட் கெனாலைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் அவசரப்படாதீர்கள். நல்ல டெம்பரரி கேப்போடு கல்யாணத்துக்குப் போய்வரலாம், படத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வேரே விரிசல் விட்டிருந்தால் பேச்சு வேறு, எக்ஸ்ரே எடுத்ததும் எனக்கு எழுதுங்கள்.

பணத்தைப் பற்றி. எட்டுக்கு 1,20,000 ரூபாய் கேட்டார்கள். ஒரு பல்லுக்கு நல்ல டெக்னீஷியன் கூலி சாதாரணக் கூலியைப்போல் இரண்டு மடங்கு என்றாலும் செலவு அந்தத் தொகையின் பக்கத்தில்கூட வராது. கேப் வேலையில் சிறப்புப் படிப்பு படித்தவர்கள் ப்ராஸ்தோடான்டிக்ஸ் எம்.டி.எஸ். என்று பலகையில் போட்டிருப்பார்கள். பி.டி.எஸ். டாக்டர்களிலும் அருமையாகச் செய்கிறவர்கள் உண்டு. யாராக இருந்தாலும், தான் செய்த ஒற்றை முன்பல்லின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். எட்டு, பத்துப் பல் மாற்றிய படங்கள் இதற்குச் சாட்சி ஆகாது. செலவு முடியவில்லை என்றால் மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மேல்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். பல தடவை நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பல்லுக்கு அவர்கள் செலவிடுகிற நேரத்தைத் தனியார் கிளினிக்கில் பார்ப்பது அரிது.

கேப் போட்டபின் அந்த ஓரத்தில்தான் சொத்தை பிடிக்கும். இரவு பிரஷ் செய்துவிட்டு, பல்லிடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டு எடுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இரவில் போட்டுக்கொள்ள ஒரு கவசம் செய்து தருவார். சீடையையும் தட்டையையும் உடைத்துக் கடைவாயில் போட்டுக்கொள்ளுங்கள். தை மாதம் ஊருக்குப் போகிறீர்கள், பொங்கல் கரும்பு இருக்கும். பழையபடி முன்பல்லால் பட்டை உரிக்க வேண்டாம். யாரையாவது அரிவாளால் சீவித் துண்டு போட்டுத் தரச் சொல்லி, கடைவாயில் வைத்து மென்று சாப்பிடுங்கள்.